பதினெட்டு அங்குலம்

“உன் அளவு எனக்குத் தெரியாதா?” என்று தீபன் சொன்னது எந்த நாளில் என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. சைக்கிளை வேனிலிருந்து இறக்கி வீட்டு வாசலில் நிறுத்திய அன்றே சொன்னார் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க, அன்றைக்கு அவர் அதிகம் பேசவேயில்லை என்றும் தோன்றுகிறது. என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் எப்படி வாங்கினீர்கள் என்று நான் பிறகொரு நாள் கேட்டிருக்கலாம், அதற்கு அவர் சொன்ன பதிலாக இருக்கலாம். அவர் சொல்லாமலே அவர் முகத்தைப் பார்த்து நானே கேட்டுக்கொண்டதாகக்கூட இருக்கலாம். சதா புத்தகம் படிக்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. வாய் திறக்காதவர்களுக்கும் வசனம் எழுதிவிடுவோம். எந்த நாளானாலும், அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் சந்தோஷமாக இருந்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தீபன் ஏர்கோன் பழுதுபார்க்கிறவர். நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பதிவு எண் கொடுத்து, மருந்துப் பொட்டலத்தின் மேல் பெயர் எழுதுகிறவள். அதே ஊரில் புந்தோங் பகுதியில் எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நாங்கள் எப்போது நிறுத்தினோம் என்பதும் நினைவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை சைக்கிள் ஓட்டப் போவார். கோலா கங்சார் போகிற வழியில் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று இருக்கிறது. பாதிக்கு மேல் எண்ணெய்க்குச் செம்பனை போட்டுவிட்டார்கள். மீதியில் யாரும் பால் வெட்டாத மரங்கள் காடாகிக் கிடக்கின்றன. ஒரு கூட்டமாக அங்கே போய் மேடும் பள்ளமுமாக ஓட்டிவிட்டு, மதியத்துக்குச் சேறு காய்ந்த காலோடு வருவார்கள். சைக்கிள் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு நல்ல வருடமாக இல்லை. ஞாயிறு மட்டும் போதாமல் சனியும் போக ஆரம்பித்திருந்தார். வீட்டில் இருக்கும்போது கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்திருப்பார். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மௌனத்துக்கு ஒரு நாற்காலி உண்டு, அதை அதன் இடத்திலிருந்து நாங்கள் நகர்த்துவதில்லை.

அதனால்தான் அந்தச் சைக்கிள் எனக்கு வெறும் சைக்கிளாகத் தெரியவில்லை. ஊதா நிறம். கைப்பிடி பெண்கள் கைக்கேற்ற மாதிரி மெலிதாக இருந்தது. இருக்கை சற்று அகலம். கடையில் பார்வைக்கு வைத்திருந்ததாம், அதனால்தான் அங்கங்கே இரண்டு கீறல் என்றார். இருக்கைக்குக் கீழே போகும் குழாயில் வேல் படம் ஒட்டியிருந்தார். எங்கள் வீட்டில் குளிர்பெட்டி, வேன், அரிசி வாளி எல்லாவற்றிலும் அந்த வேல் இருக்கும், ஆகவே அதை நான் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். காலின் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது. இருக்கையை அடியோடு இறக்கினார். முன்னுக்குத் தள்ள முடிந்த மட்டும் தள்ளினார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, “பாரு, ஙாம்,” என்றார்.

ஙகரத்தில் தொடங்கித் தமிழில் சொல் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஈப்போவில் இருக்கிறது. சீனர்களிடமிருந்து வந்த சொல். சட்டை சரியாக இருந்தால் ஙாம், கதவு இடைவெளி இல்லாமல் மூடினால் ஙாம், கல்யாணப் பொருத்தம் பார்த்துவிட்டு வருகிறவர்களும் ஙாம் என்பார்கள். யாராவது ஙாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

முதல் ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்துக் கோயிலுக்கு முன்னால் வண்டிகளை நிறுத்துவார்கள். தீபன் வேனின் பின்கதவைத் திறந்து என் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார், நான் மறுபக்கம் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் மூத்தவரான சின்னையா அண்ணன் தூரத்திலிருந்தே, “அட, டீச்சர் வந்தாச்சா! ரொம்ப நாளா ஆளையே காணலையேலா!” என்று கத்தினார். நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாருடைய சைக்கிளோ சங்கிலி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது குமுதாதான் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள், என்னைவிட முன்பே அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தவள். “இவளும் டீச்சர்தாண்ணே. எப்பப் பாத்தாலும் கையில புக்கு. பஸ்ஸுல புக்கு, கிளினிக்ல புக்கு. பேசாம டீச்சர்னே கூப்டுங்க!” என்றாள். எல்லோரும் தேவைக்கு மேலேயே சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் டீச்சர் ஆனேன்.

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோனவள் நான். யாரும் என்னை ஒரு பெயரால் சிறப்பித்துக் கூப்பிட்டதில்லை. கிளினிக்கில் ‘மிஸ்’, வீட்டில் ‘ஏய்’. “டீச்சர், பள்ளம் இருக்கு, பாத்து!” என்று முன்னால் போகிறவர்கள் குரல் கொடுக்கும்போது, அவர்கள் பார்க்க முடியாத இடத்தில் நான் சிரித்துக்கொள்வேன்.

ஓட்டுவது மட்டும் வரவில்லை. கைகள் விறைத்து நீண்டபடியே இருக்கும். சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும், பிரேக் பிடித்தேனா இல்லையா என்பது விரலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தின் பின்புறம் இரண்டு நாளைக்கு எரியும். தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணியின் பழைய வீடு இருந்த மேடு ஒன்று அங்கே உண்டு. வீடு போய்விட்டது, படிக்கட்டு மட்டும் புல்லுக்குள் நிற்கிறது. கூட்டமே அதை மூச்சுப் பிடித்து ஏறும். நான் பாதியில் நின்றுவிடுவேன். நின்றால் கால் ஊன்ற இடம் எட்டாது, சைக்கிளோடு சாய்ந்து விழுவேன். மேல்குழாய் தொடையிலும் அதற்கு மேலும் இடிக்கும். அந்தக் கன்றலை யாரிடமும் காட்ட முடியாது. எழுந்து தள்ளிக்கொண்டு போவேன். மேலே தீபன் தண்ணீர் குடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நான் விழுவதைப் பார்க்கக் கூசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

“கை மரத்துப்போவுது,” என்று சொன்னேன்.

“பழகிடும்லா. ஒனக்கு ஒடம்பு இன்னும் வணங்கல.”

என் உடம்பு எதற்கும் வணங்காத உடம்பு என்பது எனக்கு வெகுநாளாகச் சொல்லப்பட்டுவந்த விஷயம்தான். ஆகவே நம்பினேன். கிளினிக்கில் ஆளில்லாத நேரத்தில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தேன். சோற்றைக் குறைத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்த மேட்டை ஒரு தடவை கால் ஊன்றாமல் ஏறி, மேலே அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நின்று ஒன்றும் பேச வேண்டாம். தண்ணீர்ப் புட்டியை அவர் என்னிடம் நீட்டினால் போதும். எங்களுக்குள் எது போயிருந்ததோ அது அதோடு திரும்பிவிடும் என்று ஏனோ நம்பினேன்.

ஒரு நாள் கிளினிக்கில் மருந்துப் பொட்டலம் என் விரலிலிருந்து நழுவி விழுந்தது. மரத்துப்போனது மூன்று நாளாக விடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, சைக்கிள் ஓட்டுகிறாயா, அதன் குழாய்ச் சட்டம் உன் அளவுதானா என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சைக்கிளுக்கும் சட்டைபோல அளவு உண்டு என்பது எனக்குத் தெரியாது. படிக்க ஆரம்பித்தேன். எதையும் படித்துத்தான் எனக்குப் பழக்கம். சக்கரம் எல்லாருக்கும் ஒன்றுதான், சட்டம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பெடல் அச்சிலிருந்து இருக்கைக் குழாயின் மேல்விளிம்பு வரை உள்ள நீளம்தான் அளவு. இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால் மேல்குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். இருக்கையிலிருந்து கைப்பிடி எட்டும்போது முழங்கை கொஞ்சம் மடங்க வேண்டும். மடங்காமல் நீண்டிருந்தால் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கி விரல் மரக்கும். என் வாழ்க்கையை யாரோ முன்பின் தெரியாதவர் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

கால் நீளத்தை அளக்க ஒரு வழி போட்டிருந்தார்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே இருக்கையைப்போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் குறிக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டேன். தவறிக் காலில் பட்டால்கூடப் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். வெள்ளைக்காரனுக்கு அது அட்டை, எனக்கு அப்படி இல்லை. அலமாரியில் இருந்த எதை எடுத்தாலும் அதை எழுதியவரின் முகம் தெரிந்தது. கேரம் பலகையை யோசித்தேன், ரொம்பப் பெரிது. முறுக்கு டின்னின் மூடி வளைந்தது. கடைசியில் அலமாரிக்கு அடியிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். அது புத்தகமில்லை. அட்டையும் நல்ல கெட்டி. அதைக் கால்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவைத் தாழிட்ட அறையில், பென்சிலை வாயில் கவ்வியபடி சுவரோடு நின்றது இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை.

என் உயரத்துக்கும் காலுக்கும் பதினைந்து அங்குலச் சட்டம் என்று வந்தது. தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய்ச் சைக்கிளை அளந்தேன். பதினெட்டு. இன்னொரு தடவை அளந்தேன். பதினெட்டுதான். வழக்கமாகச் சட்டத்தின் அளவை ஒட்டியிருக்கும் இடத்தில்தான் வேல் படம் இருந்தது. மறைக்க ஒட்டினாரா, எல்லாவற்றிலும் ஒட்டுவதுபோல ஒட்டினாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. உரித்துப் பார்க்கக் கை வரவில்லை.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு வந்தது அவர் பாவம் என்கிற எண்ணம். இவ்வளவு காலம் வாழ்ந்தும் என் உயரம் இவருக்குத் தெரியவில்லை, ஆசையாக வாங்கி ஏமாந்துவிட்டார், சொன்னால் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் கடையில் கொடுத்து, இதே நிறத்தில் சின்னச் சட்டம் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, கிளினிக் எதிரே இருக்கிற லோரிக்காரர் ஒருவரின் உதவியோடு சைக்கிளை அஸ்ஃபாக் கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயர் முன்குழாயில் ஒட்டியிருந்தது.

அஸ்ஃபாக் என்னைவிடப் பத்து வயதாவது இளையவன். அப்பா நடத்திய நாசி கண்டார் சோற்றுக்கடை வேண்டாம் என்று சைக்கிள் கடை போட்டவன். கல்லாவில் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தவன், உள்ளே உருண்டு வந்த முன்சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தான்.

“அடடே, டீச்சர் சைக்கிள்! வாங்க டீச்சர், மறுபடியும் கியர் தகராறா?”

எங்கள் கூட்டத்துப் பெயர் இங்கே வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. “ஆமா, டீச்சர்தான்,” என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்துக் குழம்பினான். “நீங்களும் டீச்சராக்கா? ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலா?”

“யாரு ரெண்டு பேரு?”

“தினேஸ்வரி டீச்சர்க்கா. இது அவங்க சைக்கிளுதானே. நான்தான் ஃபிட்டிங் பாத்தேன். நல்ல ஒசரம் அவங்க, பதினெட்டு ஙாம்னு ஒக்காந்துச்சு. ஒங்களுக்கு வித்துட்டாங்களா? அலமாக், ஒங்க ஒசரத்துக்கு இது எப்பிடிக்கா?” சைக்கிளைத் தூக்கி மாட்டிக்கொண்டே பேசினான். பேச்சுக்காரன். “அவங்க ஹஸ்பன் இருக்காரே, தீபன் அண்ணே, அவரு மாதிரி ஆள நான் பாத்ததில்ல. பொதுவா ஆம்பளைங்க பொஞ்சாதிய விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. அவரு பக்கத்துலயே நின்னாரு. சீட்டு ஒசத்து, கொஞ்சம் எறக்கு, கை வலிக்குதான்னு கேளு, முட்டி மடங்குதா பாருன்னு என்னைய ஒரு வழி பண்ணிட்டாருக்கா. கைப்பிடிகூட மூணு தடவ மாத்தினோம்.”

கடைக்கு வெளியே பஸ் ஒன்று நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“நீங்க அவங்களுக்கு என்னாக்கா வேணும்?”

“தெரிஞ்சவங்க,” என்றேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் அழவுமில்லை, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடவுமில்லை. எனக்குப் பதினைந்து அங்குலச் சட்டம் வேண்டும் என்றேன். அவன் ஒன்றைத் தாங்கியில் மாட்டி என்னை ஏறச் சொன்னான். இருக்கையைச் சரிசெய்தான், கைப்பிடியை அருகே கொண்டுவந்தான். “கையக் கொஞ்சம் மடக்குங்கக்கா,” என்றான். மடக்கினேன். மடங்கியது. தோள் தானாக இறங்கியது. ஒரு வருடமாகக் கழுத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. என் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. என் உடம்பைப் பற்றியும் தீபனைப் பற்றியும் அன்றைக்கு எனக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களில் எதற்காக அந்த இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியை அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. “வலிக்குதாக்கா?” என்று அஸ்ஃபாக் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். பழைய சட்டத்திலிருந்து சக்கரம், கியர் எல்லாவற்றையும் கழற்றி இதில் மாட்டித் தருவதாகச் சொன்னான்.

அங்கிருந்து நேரே குமுதா வீட்டுக்குப் போனேன். அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் “தினேஸ்வரி” என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த சட்டையை உதறாமல் அப்படியே கொடியில் போட்டாள்.

“எந்த வாய வெச்சிக்கிட்டு சொல்றது பிரமி? நீ வந்தப்பவே அது முடிஞ்சு போச்சு. முடிஞ்சத நான் வந்து கெளறணுமா?”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“ஒரு வருசம் எங்ககூட ஓட்டுனாங்க. தெரியாம இருக்குமா?”

அப்படியானால் நான் அந்தச் சைக்கிளை வேனிலிருந்து இறக்கிய ஒவ்வொரு ஞாயிறும் அத்தனை பேரும் அதில் இன்னொருத்தியைப் பார்த்தார்கள். நான் மேட்டில் சாய்ந்து விழுந்தபோதெல்லாம் எதனால் விழுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். சைக்கிள் பெரிது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் யாருடையது என்று நான் கேட்பேன்.

“டீச்சர்னு பேரு வெச்சியே, அது?”

“சின்னையாண்ணே ஒளறிட்டாருலா. எல்லாரும் முழிக்கிறாங்க. எனக்கு வாயில வந்தத சொன்னேன். ஒன்னைய காப்பாத்தத்தான் சொன்னேன் பிரமி, சாமி சத்தியமா.”

“எனக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்துச்சு,” என்றேன்.

குமுதா அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுது முடிக்கும்வரை நிற்பது எனக்கு வேலையில்லை என்று தோன்றியபோது கிளம்பினேன்.

தீபன் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் குத்தவைத்து ஏர்கோன் வடிகட்டிகளைத் தண்ணீர்க் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். சைக்கிளை அஸ்ஃபாக் கடையில் விட்டிருக்கிறேன் என்றேன். குழாயை மூடாமலே என்னைப் பார்த்தார். நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் அவர் காலைச் சுற்றி ஓடி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“முடிஞ்சு போச்சு பிரமிளா. முடிஞ்சதுனாலதான் சைக்கிளு நம்ம வூட்டுக்கு வந்துச்சு. இல்லன்னா அவங்ககிட்டதானே இருந்திருக்கும்?”

அவங்க. பதினேழு வருடமாக எனக்கு நீ, ஏய். நான் அதைத்தான் கவனித்தேன்.

“எனக்குக் குடுக்கணும்னு எப்படித் தோணுச்சு?”

“வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்ல சைக்கிளு, சும்மா நின்னுச்சு. விக்க மனசு வரல.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்பது அவருக்கு எட்டியது. வடிகட்டியைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

“கை மரத்துப்போவுதுன்னு சொன்னேன்,” என்றேன்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அவர்களுடைய உறவை அல்ல, அந்தக் கடையில் அவர் நின்ற நேரத்தை, இரண்டு மணி நேரம் இருக்குமோ என்னவோ, அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டி மடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி, வலிக்கிறதா என்று கேட்கச் சொல்லி, அவ்வளவு பொறுமையாக ஒருத்தி பக்கத்தில் நிற்கத் தெரிந்த மனிதரோடுதான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அந்த மனிதர் எனக்கு அறிமுகமே இல்லை. சினம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது பொறாமைகூட இல்லை. கல்யாணத்துக்குத் தையல்காரி ரவிக்கைக்கு அளவெடுத்ததைத் தவிர என்னை யாரும் அளந்ததில்லை என்பதுதான் அன்றைக்கு முழுக்க மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

இது நடந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. தினேஸ்வரி சிலிம் ரிவர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி. நான் அவரைப் பார்த்ததில்லை, பார்க்க முயற்சி செய்ததுமில்லை. அஸ்ஃபாக்குக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்குப் போனால் இப்போது அதிகம் பேசுவதில்லை, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறான். சின்னையா அண்ணனுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது, ஓட்டுவதை விட்டுவிட்டார். குமுதா தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறாள், நானும் கொடுத்தனுப்புகிறேன், இருவரும் வாசலுக்கு வருவதில்லை. தீபன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். நான் முன்னறைக்கு மாறிவிட்டேன். சமைக்கிறேன், அவர் பாத்திரம் கழுவுகிறார். பிரிந்துவிடுவோமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். நான் வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய ஈயக்குட்டைப் பக்கம் தனியாகப் போகிறேன். அங்கே மேடு எதுவும் இல்லை. மதியம் திரும்பி, பின்சுவரின் மேல் இருவரும் காலணியைக் காயவைக்கிறோம். அவருடையதில் சிவப்பு மண். என்னுடையதில் ஈயக்குட்டையின் வெள்ளை மணல்.